சிப்பிப்பாறையை அவிழ்த்துவிடலாமா, கட்டியே வைக்கலாமா? நேற்று நடந்த சம்பவம், யோசனை சொல்லுங்கள்

கரிசல்காட்டான் | மார்ச் 8, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 14 மாதச் சிப்பிப்பாறை வேட்டை நாய் இருக்கிறான். ஆண். நிறமும் செவலை, பெயரும் செவலை. சாத்தூர்ப் பக்கம் தாத்தா வீட்டில் பிறந்த குட்டி. அங்கே கழுத்தில் கயிறே ஏறாமல் கரிசல் காட்டில் திரிந்து வளர்ந்தவன். தை மாதம் எனக்கு வேலை மாறி மதுரைக்கு வந்துவிட்டோம். ஊமச்சிகுளம் தாண்டிப் புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் வீடு. சுற்றிலும் காலி மனை, சீமைக்கருவேலம். கொஞ்சம் தள்ளி நத்தம் சாலை.

நேற்றுக் காலை நடக்கக் கூட்டிப் போனேன். புதரிலிருந்து ஒரு முயல் கிளம்பியது. அவன் ஒரு எட்டு பின்னால் வைத்துத் தலையை உருவினான். பட்டை சங்கிலியோடு தரையில் கிடந்தது, நாயைக் காணோம். பெயர் சொல்லிக் கத்தினேன், விசில் அடித்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் சாலையோரமாகத் தேடினேன். ஒவ்வொரு லாரி போகும்போதும் வயிற்றைப் பிசைந்தது. கடைசியில் அவனாகவே வாசலில் வந்து நின்றான். முன்னங்கால் பாதம் கிழிந்து ரத்தம், மூச்சு வாங்கியது.

இதைவிடப் பெரிய விஷயம், அவன் குறுக்கே ஓடியதில் டியூஷனுக்குப் போன ஒரு பெண்பிள்ளை சைக்கிளோடு விழுந்துவிட்டாள். முழங்கை தேய்ந்துவிட்டது. அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, மருத்துவமனைக்கும் அழைத்துப் போனேன். பல்லோ நகமோ படவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. "வேட்டை நாயைக் கட்டிப் போட்டா வீணாப் போயிரும், அவுத்து விட்டு வள" என்கிறார் அப்பா. "இனி வாசலைத் தாண்டக் கூடாது" என்கிறாள் மனைவி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வாசுகி_ஆரப்பாளையம் | மார்ச் 8, இரவு 10.52

தம்பி, நாய் திரும்பி வந்ததே பெரிய விஷயம். முதலில் அந்தப் பட்டையை மாற்றுங்கள். சிப்பிப்பாறை, கன்னி இரண்டு இன நாய்களுக்கும் தலை ஒடுக்கம், கழுத்து தடிமன். சாதாரண பெல்ட் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பின்னால் இழுத்தால் காதைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிடும். இந்த உடல்வாகு நாய்களுக்கென்றே மார்ட்டின்கேல் என்று ஒரு துணிப் பட்டை வருகிறது. அகலமாக இருக்கும். நாய் இழுத்தால் ஒரு அளவு வரை மட்டும் இறுகி நின்றுவிடும், தொண்டையை நெரிக்காது, தலையும் உருவ முடியாது. அது கிடைக்கும் வரை நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ் ஒன்று, பட்டை ஒன்று, இரண்டுக்கும் கயிறு மாட்டிக் கூட்டிப் போங்கள்.

எங்கள் வீட்டில் ஆறு வயது ராஜபாளையம் பெண் நாய் இருக்கிறது. பிறவியிலேயே காது கேட்காது. அந்த இனத்தில் இது அதிகம். என்ன கத்தினாலும் அவளுக்கு எட்டாது, பின்னால் வரும் வண்டிச் சத்தமும் தெரியாது. அதனால் குட்டியிலிருந்தே கயிறு இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. கையைத் தொடையில் தட்டினால் கிட்டே வருவாள், உள்ளங்கையை நீட்டினால் நிற்பாள். இருட்டில் டார்ச்சை இரண்டு முறை அடித்துக் கூப்பிடுவோம். கயிறோடு இருப்பதால் அவள் சந்தோஷத்துக்கு எந்தக் குறையும் நான் பார்த்ததில்லை.


ஏழாயிரம்பண்ணை_வீரா | மார்ச் 9, காலை 5.48

அப்பா சொல்றதுதாண்ணே சரி. எங்க பக்கம் கட்டிப்போட்டு வளர்த்த சிப்பிப்பாறை எல்லாம் ஆள் பார்த்தாப் பாயுது, சங்கிலியக் கடிச்சே பல்லுத் தேய்ஞ்சு போச்சு. ஓட்டம்தான் அதுக்கு உசுரு. வாரம் ரெண்டு நாள் ஊருக்குக் கூட்டிட்டு வந்து காட்டுல விடுங்க, முயல் விரட்டிட்டு வந்தா நாலு நாளைக்கு அமைதியாக் கெடக்கும்.


வேம்பையா | மார்ச் 9, காலை 7.30

வீரா தம்பி, ஓட்டம் வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கட்டியே போடுவது தவறு என்பதும் உண்மை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வழக்கமாகக் கட்டிவைக்கும் நாய்க்குப் போதிய நடை, ஓட்டம் தராமல் விடுவதையும் கொடுமை என்றே சொல்கிறது. ஆனால் முயலுக்கு விடுங்கள் என்று இங்கே எழுதாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை. நாயை ஏவினாலும் குற்றம்தான். மயிலை விரட்டினால் இன்னும் கடுமை.

கால்நடைத் துறையில் 31 ஆண்டு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். சங்கரன்கோவில், சிவகிரி, ராஜபாளையம் பக்கம்தான் பெரும்பகுதி. காட்டில் அவிழ்த்துவிட்ட நாய்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று சொல்கிறேன். காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியைக் கடித்துத் தாடை சிதறி வந்தவை உண்டு. கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் கிடந்தவற்றைத் தூக்கி வந்திருக்கிறார்கள். மொட்டைக் கிணற்றில் விழுந்தவை உண்டு. இவற்றில் உயிரோடு திரும்பிப் போனவை மிகக் குறைவு. ஒரு கன்னி நாயைப் பன்னிரண்டு வயதுப் பையன் தோளில் போட்டு நான்கு கிலோமீட்டர் நடந்து கொண்டுவந்தான். அதன் வாயை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்வது? இருபது வருடமாகியும் எனக்கு அது மறக்கவில்லை.

கரிசல்காட்டான், பாதக் காயத்துக்கு வருகிறேன். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு விரல் இடுக்கையெல்லாம் விரித்துப் பாருங்கள். சீமைக்கருவேல முள் உள்ளே ஒடிந்து நின்றிருந்தால் வெளியே காயம் ஆறியதுபோல இருக்கும், ஒரு வாரத்தில் சீழ் வைக்கும். நொண்டல் இரண்டு நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால், இபுபுரூபன் இரண்டுமே நாயின் உயிருக்கு ஆபத்து.

ரேபிஸ் ஊசி தேதி என்ன? அதைச் சொல்லவில்லையே.


கரிசல்காட்டான் | மார்ச் 9, காலை 8.05

ஐயா, மூன்று மாதத்தில் ஒன்று போட்டது. அதன் பிறகு போடவில்லை. ஊரில் யாரும் நினைவுபடுத்தவில்லை என்று சொல்லலாம், ஆனால் பொறுப்பு என்னுடையது. இன்றே கூட்டிப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் திரும்பி வந்தபோது பயத்திலும் கோபத்திலும் முதுகில் இரண்டு அடி கொடுத்துவிட்டேன். அப்போதிருந்து நான் கையைத் தூக்கினால் ஒதுங்குகிறான். மனசு கஷ்டமாக இருக்கிறது.


வேம்பையா | மார்ச் 9, காலை 8.40

இன்றே போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் விடாமல் போடுங்கள். நாட்டு நாய்க்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், ஊசி எதற்கு என்பார்கள். ரேபிசுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அறிகுறி வந்துவிட்டால் நாயானாலும் மனிதனானாலும் பிழைப்பது அரிதிலும் அரிது. ரேபிஸ் என்கிற வெறிநோய்க்கான தடுப்பூசி முதன்முதலில் விஞ்ஞானி பாஸ்டரின் மேற்பார்வையில் ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது 1885 ஜூலை 6. அந்த நாளையொட்டியும், செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளிலும் அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவார்கள். தேதி மறக்கிறவர்கள் அந்த நாளையே வைத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்குமாக ஒன்று. உங்கள் நாயோ தெருநாயோ யாரையாவது கடித்தால், கீறினால், முதல் வேலை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனை போய் ஊசியைத் தொடங்க வேண்டும். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். நாயைப் பத்து நாள் கண்காணிப்பது சரிதான். அது முடியட்டும் என்று ஊசிக்குப் போகாமல் காத்திருக்கக் கூடாது.


தோப்புக்காரன்_பொள்ளாச்சி | மார்ச் 9, மதியம் 1.20

கரிசல்காட்டானுங்க, அடிச்சது பத்தி வருத்தப்பட்டீங்க, அதுலயே பாதி சரியாப் போச்சுங்க. மீதியச் சொல்றேன். நாய்க்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னாடி ஓடுனதுக்குத்தான் இந்த அடின்னு தெரியாதுங்க. வீட்டுக்கு வந்தா அடி விழும்னுதான் புரிஞ்சிருக்கும். அடுத்த தடவை வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம நிக்கும். எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாலும், வந்ததுக்கு ஒரு துண்டு கறி குடுத்துக் கட்டிப் புடிச்சுக்கோங்க. உங்க கோபத்தத் தனியா வெச்சுக்கோங்க.

நான் ரெண்டு கோம்பை நாய், ஒரு சிப்பிப்பாறை வெச்சிருக்கேன். கூப்பிட்டா வர்றதுக்குப் பழக்குற விதம் இது. "செவலை"ங்கற பேரச் சோத்துக்கும் கூப்பிட்டிருப்பீங்க, திட்டுறதுக்கும் கூப்பிட்டிருப்பீங்க. அந்தச் சொல் செத்துப் போச்சுங்க. புதுசா ஒரு சொல் எடுங்க. நான் "இந்தா" வெச்சிருக்கேன். முதல் ஒரு வாரம் வீட்டுக்குள்ள மட்டும். சொல்லுங்க, திரும்புன உடனே வேகவெச்ச ஈரல் ஒரு சின்னத் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு போதும். உப்பு, மசாலா வேண்டாம், வெங்காயம் பக்கத்துலயே வரக்கூடாது. அடுத்து மொட்டை மாடி. அதுக்கப்புறம்தான் காலி மனை, அதுவும் முப்பது அடி நீளக் கயித்துல. கயித்த ஹார்னஸ்லதான் மாட்டோணும். பட்டைல மாட்டுனா, ஓடுற வேகத்துல கயிறு முடியறப்போ கழுத்தெலும்பே போயிருமுங்க. கயித்தக் கையில சுத்திக்காதீங்க, விரல் ஒடிஞ்சவங்களப் பாத்திருக்கேன்.

முக்கியமா, பத்துத் தடவை கூப்பிட்டா ஒம்பது தடவை ஈரலக் குடுத்துட்டுத் திரும்ப விளையாட விட்டுருங்க. வீட்டுக்குப் போற நேரத்துல மட்டும் கூப்பிட்டா, கூப்பிட்டாலே விளையாட்டு முடிஞ்சதுன்னு அதுக்குத் தெரிஞ்சு போகும், வராது. வராதப்போ திரும்பத் திரும்பக் கத்தாதீங்க. கயித்தப் புடிச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் நடங்க.

இதெல்லாம் செஞ்சாலும் முயல் எந்திரிச்ச பின்னாடி சிப்பிப்பாறை நிக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். அது கண்ணால வேட்டையாடுற சாதி. கண்ணுல பட்டுருச்சுன்னா காது அடைச்சுக்கும். அதனால வேலி இல்லாத எடத்துல அவுக்கவே வேண்டாம். காம்பவுண்டு சுவர் வெச்ச தோப்பு, ஆளில்லாத நேரத்துல அனுமதி வாங்கி ஒரு மைதானம், அப்படி எங்கயாவது வாரம் ரெண்டு மூணு நாள் கால் மணி நேரம் ஓடவிட்டாப் போதும். இந்தச் சாதி நாள் முழுக்க ஓடாது. நாலு பாய்ச்சல் பாஞ்சுட்டு மீதி நேரம் தூங்குமுங்க.


ஏழாயிரம்பண்ணை_வீரா | மார்ச் 9, மதியம் 2.02

முயல் பத்திச் சட்டம் தெரியும்யா, எழுதுனது தப்புதான். எங்க சித்தப்பா நாயும் அவுட்டுக்காயிலதான் போச்சு, வேம்பையா எழுதுனதப் படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா டவுன்ல சுவர் வெச்ச தோப்புக்கு எங்க போறது? எல்லாருக்கும் கெடைக்காதே.


மங்கை_நடைப்பயிற்சி | மார்ச் 9, மாலை 6.45

நான் நாய் வளர்க்காதவள். இந்த இழையைத் தேடி வந்து படித்தேன். என்னையும் பேச விடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு நாய் தினமும் அவிழ்ந்தே வரும். "ஒண்ணும் பண்ணாது, விளையாடும்" என்பார்கள். என் மகளுக்கு ஏழு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அது மேலே கால் போட்டுத் தள்ளியது. கடிக்கவில்லை. ஆனால் இன்றுவரை அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்குப் போகமாட்டாள், சுற்றிப் போகிறோம். ஒன்றும் பண்ணாது என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? கரிசல்காட்டான் அந்தப் பிள்ளை வீட்டுக்கு நேரில் போனதைப் படித்தபோது, எங்கள் வீட்டுக்கும் யாராவது அப்படி வந்திருந்தால் என்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

எதிரே குழந்தையோ வயதானவரோ வந்தால் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, நாயை உங்களுக்கு மறுபக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.


வேம்பையா | மார்ச் 9, மாலை 7.10

மங்கை அம்மா சொன்னதை எல்லோரும் படியுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 291ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.


அண்ணாநகர்_பக்_அம்மா | மார்ச் 10, காலை 9.15

சென்னையில் இருக்கிறவர்களுக்கு: மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். ரேபிஸ் ஊசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது. சிப் இருந்தால் தொலைந்த நாய் யாருடையது என்று கண்டுபிடிக்கலாம், ஆனால் ஸ்கேனர் இருக்கிறவர்தான் படிக்க முடியும். அதனால் போன் நம்பர் பொறித்த வில்லை ஒன்று பட்டையில் தொங்கட்டும். கரிசல்காட்டான், உங்கள் நாயிடம் அது இருந்ததா?

நான் கேட்க வந்தது வெயில் பற்றி. எங்கள் பக் நான்கு வயது. போன மே மாதம் மாலை ஐந்து மணிக்கு அரைக் கிலோமீட்டர்கூட நடக்கவில்லை, நாக்கு ஊதா நிறமாகி மடங்கி விழுந்துவிட்டான். ஆட்டோவில் கிளினிக் போவதற்குள் உயிர் போய்விடும் என்று நினைத்தேன். பிழைத்துவிட்டான். அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்?


வேம்பையா | மார்ச் 10, காலை 11.25

பிழைத்தது உங்கள் நல்ல நேரம் அம்மா. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். பக், புல்டாக், ஷிட்சு மாதிரி முகம் சப்பையானவற்றுக்கு அந்த வழியும் குறுகல். சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இருக்கும். 105 தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

அறிகுறி: மூச்சிரைப்பு நிற்காது, எச்சில் நூலாக ஒழுகும், ஈறு செக்கச் செவேலென்று ஆகும், நடை தள்ளாடும், வாந்தி வரும். அந்த இடத்திலேயே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், வயிறு, தொடை இடுக்கு எல்லாம் நனையட்டும். குழாய்த் தண்ணீர் போதும், ஐஸ் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு உட்காராதீர்கள், சிறிது நேரத்தில் அந்தத் துண்டே சூட்டைப் பிடித்து வைக்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம். ஆட்டோவிலும் ஊற்றிக்கொண்டே போகலாம். எழுந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத் தெரியும்.

நடக்க நேரம் விடியற்காலை. மாலை ஐந்து மணிக்குத் தார் இன்னும் கொதிக்கும். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் பாதம் வெந்துபோகும். வாய்க்கூடு போடுகிறவர்கள் கூடை மாதிரி இருப்பதைப் போடுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிக்கூட்டோடு வெயிலில் நடத்தினால் மூச்சிரைக்கவே முடியாது.

வாசுகி அம்மா, உங்கள் வெள்ளை ராஜபாளையத்துக்கு மூக்கும் காது நுனியும் இளஞ்சிவப்பாக இருக்குமே, நடுப்பகல் வெயில் அதைச் சுட்டுவிடும். பார்த்துக்கொள்ளுங்கள்.


வாசுகி_ஆரப்பாளையம் | மார்ச் 10, மதியம் 12.10

ஆமாம் ஐயா, மூக்கு உரிந்திருக்கிறது ஒருமுறை. பத்து மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை.

உண்ணி பற்றியும் சொல்லுங்கள். கருவேலங்காட்டில் ஓடி வந்திருக்கிறான் இந்தப் பிள்ளையின் செவலை.


வேம்பையா | மார்ச் 10, மதியம் 12.48

அதைத்தான் அடுத்து எழுத நினைத்தேன். காதுக்குள், பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில், வால் அடியில் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். தோலை ஒட்டிய இடத்தில் சிமிட்டாவால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது வேண்டாம். நகத்தால் நசுக்கவும் வேண்டாம், சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஒரு பெண் உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுக் கூண்டையும் சுவரையும் விட்டால் மாதம் திரும்பினால் மறுபடி வந்து நிற்கும். மாத்திரை, சொட்டு மருந்து எல்லாம் எடைக்கு ஏற்பத்தான், முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

உண்ணிக் காய்ச்சலில் சாப்பாடு குறையும், ஈறு வெளிறும், சிறுநீர் கறுக்கும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். அந்த நாளே ரத்தப் பரிசோதனை. உண்ணி பரப்பும் எர்லிச்சியா கிருமி என்றால் மருந்து நான்கு வாரம் வரை போகும். மூன்றாம் நாள் நாய் துள்ளுகிறதே என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர், நிறுத்தாதீர்கள்.


கரிசல்காட்டான் | மார்ச் 10, இரவு 9.30

பாதத்தில் முள் இருந்தது ஐயா. விரல் இடுக்கில், அரை அங்குலம். மருத்துவர் எடுத்துவிட்டார். ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று. காதுக்குள் பதினொரு உண்ணி.

போன் நம்பர் வில்லை இல்லை, நாளைக்கே செய்கிறேன். வீராவின் கேள்விக்கு: எங்கள் அலுவலக நண்பர் கடச்சனேந்தல் பக்கம் மதில் கட்டிய மனை வைத்திருக்கிறார். ஞாயிறும் புதனும் காலை விட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கேட்டுப் பார்த்தால் ஊருக்கு ஓர் ஆளாவது கிடைப்பார் போலிருக்கிறது.


கரிசல்காட்டான் | மே 3, காலை 8.20

இரண்டு மாதம் ஆகிறது, எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சொல் "இந்தா"தான். மூன்று வாரம் வீடு, மாடி. அதன் பிறகு முப்பதடிக் கயிறு. முந்தாநாள் காலி மனையில் வெள்ளாட்டுக் குட்டி ஒன்று குறுக்கே ஓடியது. கிளம்பிவிட்டான். "இந்தா" என்றேன். கயிறு முடிவதற்கு முன்னால் வேகம் குறைந்தது, நின்றான், ஆட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான், திரும்பி வந்தான். மடியில் இருந்த ஈரல் மொத்தத்தையும் கொடுத்துவிட்டேன். நான் கையைத் தூக்கினால் இப்போது ஒதுங்குவதில்லை.

இன்று காலையே வேறு விஷயம், மயில் எழுந்தது, நான் கத்தியது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. கயிறு பிடித்தது. அதனால் மதில் இல்லாத இடத்தில் அவிழ்ப்பதில்லை என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் மனைக்கு வந்து அவன் ஓடுவதைப் பார்த்தார், அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.


ஏழாயிரம்பண்ணை_வீரா | மே 3, காலை 8.41

சந்தோசம்ணே. நானும் அந்தப் பட்டை வாங்கணும். அளவு எப்படி எடுக்கிறது?


கரிசல்காட்டான் | மே 3, காலை 9.05

டேப்பால் இரண்டு அளவு எடுங்கள் வீரா. காதுக்குக் கீழே கழுத்தின் மேல்பகுதி ஒன்று, காதுக்கு முன்னால் தலை மிக அகலமாக இருக்கும் இடம் ஒன்று. பட்டை தளர்ந்திருக்கும்போது தலைவழியாகப் போட முடிய வேண்டும். இறுகும்போது இரண்டு வளையமும் ஒன்றோடொன்று முட்டாமல், கழுத்தின் மேல்பகுதி அளவுக்கு வந்து நிற்க வேண்டும். முட்டிவிட்டால் இன்னும் இறுக்க இடமில்லை, உருவிவிடும். செவலைக்கு ஒன்றரை அங்குல அகலம் எடுத்தேன். வாங்கிய பிறகு வீட்டுக்குள்ளேயே கயிறு மாட்டிப் பின்னால் இழுத்துப் பாருங்கள், ரோட்டில் போய்ச் சோதிக்காதீர்கள்.